பசையின் பலமும் சங்கத்தின் பணமும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர் எழுதியது)

பெயர்ப் பலகைக்கு எழுத்து ஒட்டுவதும், துணிப் பையில் சங்கத்தின் பெயரைச் சூட்டால் பதிப்பதும், சேலையின் மேல் விலைச் சீட்டு ஒட்டுவதும் நிர்வாகக் குழு கூடி ஆலோசிக்க வேண்டிய விஷயங்களா என்று அங்கத்தினர் சிலர் வியக்கக்கூடும். நூல் விலை, கூலி, தேங்கிய சரக்கு, பயிர்க் கடன், தவணை நிலுவை ஆகிய பெருங் கவலைகளுக்கு நடுவே பசைக்கு ஏது இடம் என்று கேட்பது நியாயமே. நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியிருந்தவன்தான். சங்கங்களின் இருப்புப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பது என் தொழில். அந்தப் பதிவேடுகளே என் எண்ணத்தை மாற்றின.

கரிசல் வட்டாரத்தில் ஒரு நெசவாளர் சங்கம், பெயர் வேண்டாம். ஆண்டிறுதி இருப்புச் சோதனையின்போது விலைக் குறைப்புக்கு அனுமதி கோரும் பட்டியல் ஒன்று என் முன் வைக்கப்பட்டது. நாற்பது பருத்திச் சேலைகள். இழை அறுந்தவை அல்ல. சாயம் போனவை அல்ல. எலி கடித்தவையும் அல்ல. ஒவ்வொன்றின் மடிப்பின் மேலும் தீப்பெட்டி அளவில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. அது விலைச் சீட்டு ஒட்டியிருந்த இடம். சீட்டின் காகிதம் கையோடு வந்துவிட்டது; பசை மட்டும் துணியிலேயே தங்கி, தூசியை ஈர்த்துக் கறுத்திருந்தது.

"இந்தச் சீட்டை ஏன் வாங்கினீர்கள்?" என்று செயலாளரைக் கேட்டேன்.

"முன்பு வாங்கியவை விழுந்துவிட்டன, சார். ஆகவே இருப்பதிலேயே பலமான பசை எது என்று விசாரித்து வாங்கினோம்" என்றார் அவர்.

கடைக்காரர் அவரை ஏமாற்றவில்லை. கேட்ட பொருளைத்தான் கொடுத்திருக்கிறார். பிழை கேட்ட கேள்வியில் இருந்தது. அங்கே திண்ணையில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னார்: "நாங்கள் பாவுக்குப் போடும் கஞ்சியை நினைத்துப் பாருங்கள், ஐயா. தறியில் இருக்கிற வரைக்கும் அது நூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். துணியைத் தண்ணீரில் போட்டதும் விட்டுவிட வேண்டும். விடாத கஞ்சியும் கெட்ட கஞ்சிதான். பிடிக்காத கஞ்சியும் கெட்ட கஞ்சிதான்."

இக்கட்டுரையில் நான் கூற விரும்புவது முழுவதும் அப்பெரியவரின் வாக்கில் அடங்கிவிட்டது. பசை வாங்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, "எது மிகப் பலமானது?" என்பதன்று. "இது எவ்வளவு காலம் பிடித்திருக்க வேண்டும்? பிறகு எவ்வாறு பிரிய வேண்டும்?" என்பதே கேள்வி. இந்த ஒரு கேள்வியைக் கேளாமல் செலவிடும் பணம் கறைபட்ட சேலையாகவும் சுருண்ட பெயர்ப் பலகையாகவும் எழுத்து உதிர்ந்த பையாகவும் நம்மிடமே திரும்பி வருகிறது.

மூவகை ஒட்டு

நம் சங்கங்களுக்கு வேண்டிய ஒட்டுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பொருள் உள்ளளவும் பிரியலாகாத ஒட்டு. பெயர்ப் பலகையின் எழுத்தும் துணிப் பையில் பதித்த முத்திரையும் இவ்வகை. இரண்டாவது, குறித்த வேலை முடிந்ததும் சுவடின்றிப் பிரிய வேண்டிய ஒட்டு. சேலையின் விலைச் சீட்டும், எழுத்துகளைத் தாளிலிருந்து பலகைக்குக் கொண்டு செல்லும் மாற்று நாடாவும் இவ்வகை. மூன்றாவது, பிரித்தால் கிழிந்து காட்டிக்கொடுக்க வேண்டிய ஒட்டு. முத்திரைச் சீட்டுகளும் தரக் குறிகளும் இதில் அடங்கும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் பசை எவ்வளவு உயர்ந்ததாயினும் நஷ்டமே.

கோவில்பட்டிச் சீமையில் பிறந்தவர்களுக்குப் பசை புதிதன்று. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டிய கைகள் இங்கே எத்தனை ஆயிரம்! மைதாவைக் காய்ச்சிய பசையே அதற்குப் போதுமானதாயிருந்தது. ஏனெனில் தீப்பெட்டியின் ஆயுள் சில நாட்கள்; குச்சி தீர்ந்ததும் பெட்டியின் வேலை முடிந்தது. அதே பெட்டியில் வேறொரு சீட்டும் முன்னாளில் இருந்தது. 1934ஆம் ஆண்டில் தீப்பெட்டிகளுக்கு உற்பத்தி வரி விதிக்கும் சட்டம் வந்தபோது, வரி செலுத்தியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மேல் 'பாண்டரோல்' என்னும் காகிதப் பட்டை ஒட்டப்பட்டது. பெட்டியைத் திறக்க வேண்டுமானால் அப்பட்டை கிழிந்தாக வேண்டும். பெட்டியின் சீட்டு அழகுக்கு. வரிப் பட்டை காவலுக்கு. ஒரே பெட்டியில் இரண்டு ஒட்டு, இரண்டு நோக்கம். நோக்கம் அறிந்து ஒட்டுவது இவ்வட்டாரத்தின் பழைய பழக்கமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குறைந்த பலமும் ஒரு குணமே

மேல்நாட்டிலும் இதைப் பட்டுத்தான் அறிந்தார்கள். அமெரிக்காவில் மோட்டார் வண்டிகளுக்கு இரு நிற வர்ணம் பூசும் வழக்கம் பரவிய காலத்தில், நிறங்களின் எல்லையை மறைக்க ஒட்டிய நாடாக்கள் உரிக்கும்போது வர்ணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தன. அதைக் கண்ட ரிச்சர்டு டுரூ என்பவர் 1925ஆம் ஆண்டில் மென்மையாக ஒட்டிச் சுத்தமாகப் பிரியும் நாடாவை உருவாக்கினார். இன்று தச்சரும் வர்ணம் பூசுவோரும் 'மாஸ்கிங் டேப்' என்று கேட்டு வாங்குவது அதையே. பின்னர் 1968இல் ஸ்பென்சர் சில்வர் என்ற ரசாயன அறிஞர் வலிய பசையொன்றைத் தேடும் முயற்சியில் மிக மெலிந்த பசையொன்றைக் கண்டார். அது பல ஆண்டுகள் பயனற்றதாகவே கிடந்தது. எழுத்தர் மேஜைகளில் நாம் காணும் ஒட்டி எடுக்கும் மஞ்சள் குறிப்புத் தாளாக 1980இல் அது நாடு முழுவதும் விற்பனைக்கு வந்த பின்னரே, குறைந்த பலமும் ஒரு குணம் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது.

பெயர்ப் பலகை செய்யும் 'ஸ்டிக்கர்' கடையில் இந்த நியதியைக் கண்ணாரக் காணலாம். வினைல் தாளில் எழுத்துகளை இயந்திரம் வெட்டுகிறது. வேண்டாத பகுதியை உரித்தெடுத்த பின், எழுத்துகள் மெழுகுத் தாள் போன்ற அடித்தாளின் மேல் நிற்கின்றன. அவற்றின் மேல் மாற்று நாடாவை விரித்து, எழுத்துகளை வரிசை குலையாமல் தூக்கி, பலகையின் மேல் வைத்துத் தேய்த்து, பின்னர் நாடாவை மட்டும் உரிக்கிறார்கள். இங்கே மூன்று பிடிகள் இருக்கின்றன. அடித்தாளின் பிடி மிகக் குறைவாக இருக்க வேண்டும். நாடாவின் பிடி அதைவிடச் சற்று மிகுந்திருக்க வேண்டும். பலகையில் எழுத்தின் பிடி எல்லாவற்றிலும் மிகுந்திருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வேலை கெடும். நாடா மெலிந்தால் சிறு எழுத்துகள் அடித்தாளிலேயே தங்கிவிடும். நாடா வலுத்தால் பலகையில் ஒட்டிய எழுத்தை அதுவே திரும்பப் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஆகவே பெரிய, வழவழப்பான எழுத்துகளுக்குக் குறைந்த பிடியுள்ள நாடாவும், சிறிய எழுத்துகளுக்கும் சொரசொரப்பான அல்லது மினுமினுக்கும் வினைலுக்கும் கூடுதல் பிடியுள்ள நாடாவும் ஏற்றவை. எல்லாவற்றுக்கும் ஒரே நாடாவைப் பயன்படுத்தும் கடை சிக்கனமாகத் தோன்றும். அந்தச் சிக்கனத்துக்கான விலையை நம் பலகைதான் செலுத்தும்.

நாள் செல்ல வலுக்கும் ஒட்டு

பசையின் வலிமையை அளக்க ஒரு முறை உண்டு. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள துண்டை ஒட்டி, அதை மடக்கி, 180 பாகைக் கோணத்தில், நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் உரிக்கிறார்கள். அதற்கு எவ்வளவு விசை வேண்டியிருக்கிறதோ அதுவே அப்பசையின் உரிப்பு வலிமை. அதை நியூட்டன் என்னும் அலகில் குறிப்பார்கள். ஒரு நியூட்டன் என்பது ஏறத்தாழ 102 கிராம் எடை இழுக்கும் விசை. நல்ல உற்பத்தியாளர் இந்தக் கணக்கை அச்சிட்டுத் தருவார். கேட்டு வாங்குவது நம் உரிமை.

எனினும் அந்த எண்ணை மட்டும் நம்பிவிடலாகாது. அது மெருகிட்ட எஃகுத் தகட்டிலோ கண்ணாடியிலோ, 23 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அறையில், ஒட்டிய சில நிமிஷங்களிலோ ஒரு நாளிலோ அளந்தது. நம் சேலை எஃகுத் தகடு அன்று. தகரக் கூரை போட்ட நம் கிட்டங்கியில் சித்திரை மாதத்தில் 23 பாகை வெப்பத்தைக் காண இயலாது. ஒட்டும் பசைகள் பெரும்பாலும் காலத்தாலும் வெப்பத்தாலும் பாரத்தாலும் வலுப்பெறுபவை. அவை மெல்ல இளகி, இழைகளின் இடுக்கில் ஊறி, அங்கேயே வேரூன்றிவிடும். வாங்கிய அன்று சுத்தமாக உரிந்து வந்த சீட்டு, ஐம்பது சேலைகளின் பாரத்தின் கீழ் ஒரு கோடை கழிந்தபின் கறையை விட்டுத்தான் பிரியும். நான் கண்ட நாற்பது சேலைகளின் கதை இதுவே. அவை சீக்கிரம் விற்றிருந்தால் ஒருவேளை கறை படாமலே போயிருக்கும். தேக்கமும் பசையும் சேர்ந்து அச்சங்கத்தை இரு முறை அடித்தன.

இதற்கு நான் கூறும் யோசனை எளிது. துணியின் மேல் பசையே வேண்டாம். விலைச் சீட்டைக் கெட்டி அட்டையில் அச்சிட்டு நூலால் கட்டுங்கள். நூல் நம்மிடம் இல்லாத பொருளா? பையிலோ உறையிலோ வைத்து விற்கும் சரக்கானால் சீட்டை உறையின் மேல் ஒட்டுங்கள். துணியின் மேல் ஒட்டியே ஆக வேண்டுமென்றால், சுவடின்றிப் பிரிவது என்று குறித்த வகையைக் கேட்டு வாங்கிச் சோதித்துப் பார்த்துப் பயன்படுத்துங்கள். பட்டிலும் சரிகையிலும் எந்தப் பசையும் படலாகாது.

இடமறிந்து ஒட்டுக

பசையைக் குறை கூறுமுன் அது ஒட்டும் இடத்தையும் நோக்க வேண்டும். கரிசல் மண்ணின் தூசியை நாம் நன்கறிவோம். கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலத்திலிருந்து காற்று வாரி வரும் அந்த மென்தூள் படியாத பலகை இவ்வட்டாரத்தில் இல்லை. தூசியின் மேல் ஒட்டிய பசை தூசியைப் பிடிக்குமேயன்றிப் பலகையைப் பிடிக்காது. பருத்தித் தோட்டத்தில் வெள்ளை ஈயைப் பிடிக்க மஞ்சள் ஒட்டுப் பொறி வைக்கும் விவசாயி இதைக் கண்டிருப்பார். எக்டருக்கு 12 பொறிகள் வைப்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்தப் பொறியின் பசை உலராத பசைதான். இருந்தும் தூசி மூடியபின் ஈ அதில் அமர்ந்துவிட்டுப் பறந்து போகிறது. அப்போது பொறியைத் துடைத்துப் புதுப் பசை தடவுகிறோம். பலகைக்கு ஒட்டுமுன் துடைப்பதும் அதே நியாயம்தான்.

எண்ணெய் மற்றொரு பகை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது நமக்கெல்லாம் பெருமை. அப்பெயரைத் தாங்கிய சீட்டு பொட்டலத்திலிருந்து நழுவி விழுவது பெருமையாகாது. நிலக்கடலையின் எண்ணெய் பட்ட உறையில் எந்தச் சீட்டும் நிலைத்து நில்லாது. உறையில் பண்டத்தை இடுமுன்னரே சீட்டை ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

மூன்றாவது, பாலிதீன், பாலிப்புரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் வகைகள். மிளகாயும் பயறும் இன்று சணல் சாக்கை விட்டு இத்தகைய சாக்குகளில் போகின்றன. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததுபோல் இவற்றின் மேற்பரப்பில் பசை படர்வதில்லை. இதற்கென்றே செய்த பசை கிடைக்கும். எனினும் சாக்கிலேயே அச்சிடுவதும், சீட்டைச் சாக்கின் வாயோடு சேர்த்துத் தைப்பதும் மேலானவை.

நான்காவது, சுண்ணாம்புச் சுவர். ஒரு விவசாயச் சங்கத்தின் வாசலில் வினைல் எழுத்துகள் வெள்ளையடித்த சுவரில் ஒட்டப்பட்டு, ஒரே மாதத்தில் சுருண்டு தொங்கின. உரித்துப் பார்த்தால் எழுத்தின் முதுகில் சுண்ணாம்பு கனமாக ஒட்டியிருந்தது. பசை சுண்ணாம்பை விடவேயில்லை. சுண்ணாம்புதான் சுவரை விட்டது. அத்தகைய சுவருக்கு வினைல் வேண்டியதில்லை. நம் ஊர்களில் இன்னும் சிலர் தூரிகை பிடித்துச் சுவரில் எழுதும் தொழிலை விடாமல் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து எழுதச் சொன்னால் சுவருக்கும் அழகு, ஒரு தொழிலாளியின் வீட்டுக்கும் அரிசி.

பெயர்ப் பலகை

தகரத்திலோ அலுமினியத்திலோ செய்த பலகைக்கு வினைல் ஏற்றதே. ஆயினும் வினைலில் தரம் உண்டு. குறைந்த விலையில் கிடைக்கும் உருளையிட்ட சாதா வகை, காலப்போக்கில் சுருங்கும் இயல்புடையது. சுருங்கும்போது ஓரங்களில் பசையை வெளியே காட்டும். அதில் தூசி ஒட்டிக் கறுப்புக் கோடாகும். சற்று உயர்ந்த 'பாலிமெரிக்' வகை அதைவிட நெடுங்காலம் நிற்கும். வார்த்தெடுத்த 'காஸ்ட்' வகை எல்லாவற்றிலும் குறைவாகச் சுருங்குவது. விலையும் அதற்கேற்ப மிகுதி. ரப்பர் கலந்த பசை தொட்டவுடன் இறுகப் பிடிக்கும், ஆனால் வெயிலில் கெடும். அக்ரிலிக் பசை மெதுவாகப் பிடிக்கும், வெயிலைத் தாங்கும். கடையில் விரலால் தொட்டுப் பார்த்து 'நன்றாக ஒட்டுகிறதே' என்று முடிவு செய்வோர் பெரும்பாலும் வெயிலில் கெடுவதையே தேர்ந்துகொள்கிறார்கள். முதல் ஒட்டும் முடிவான ஒட்டும் ஒன்றல்ல.

ஒட்டும் வேளையும் முக்கியம். நண்பகல் வெயிலில் கை வைக்க முடியாமல் கொதிக்கும் தகரத்தில் ஒட்டினால், பசை தொட்ட இடத்திலேயே பற்றிக்கொள்ளும். திருத்தி வைக்க இடந்தராது. உள்ளே காற்றுக் குமிழிகள் தங்கும். காலை வேளையில், நிழலில், பலகையைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்து, நன்கு உலர்ந்தபின் ஒட்ட வேண்டும். பின்னர் ஒரு நாள் மழையும் நீரும் படாமல் விட வேண்டும்.

விழாவுக்கும் பேரவைக் கூட்டத்துக்கும் கட்டும் பதாகைக்கு இவ்வளவு சிரத்தை வேண்டியதில்லை. ஆனால் 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பதாகைகள் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன என்பதைச் செயலாளர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். துணி நெய்யும் சங்கம் தன் பதாகையைத் துணியில் எழுதாமல் பிளாஸ்டிக்கில் அச்சிடுவது எனக்கு எப்போதும் விந்தையாகவே தோன்றும்.

துணிப் பையும் சூட்டுப் பதிப்பும்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிற்று. அது முதல் துணிப் பைக்குத் தேவை பெருகியிருப்பது நெசவாளர்களுக்கு நல்ல காலமே. பையில் பெயர் பொறிக்க இப்போது பலரும் நாடுவது சூட்டுப் பதிப்பு வினைல். இதன் பசை விரலுக்கு ஒட்டாது. சூடு பட்டால்தான் உருகி இழைக்குள் இறங்கும். தெளிவான தாங்குதாளின் மேல் இருக்கும் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வெட்டி, துணியின் மேல் வைத்துச் சூட்டு அழுத்த இயந்திரத்தில் அழுத்துகிறார்கள். பருத்திக்குப் பொதுவாக 150 முதல் 160 பாகை செல்சியஸ் சூடும் 10 முதல் 15 விநாடி நேரமும் கொடுக்கப்படுகின்றன. பாலியெஸ்டருக்குச் சூடு குறைய வேண்டும். சில வகைகளில் தாங்குதாளைச் சூடாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். சிலவற்றில் ஆறிய பிறகே உரிக்க வேண்டும். உற்பத்தியாளர் தரும் குறிப்பே இங்கு வேதம்.

மகளிர் குழு ஒன்று இவ்வாறு பதித்துக் கொடுத்த பைகள் முதல் சலவையிலேயே எழுத்துகளை உதிர்த்தன. பசை மட்டம் என்றார்கள். குழுவினரோ, இயந்திரம் சரியாகத்தான் இருந்தது என்று கண்ணீர் விடாத குறையாகச் சொன்னார்கள். நான் அந்தத் துணியின் ஒரு துண்டை வாங்கி அயோடின் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அது நீலமாகக் கறுத்தது. மாவுப் பொருள் இருந்தால்தான் அவ்வாறு நிறம் மாறும். அதாவது, பாவுக்குப் போட்ட கஞ்சி போகாத கோராத் துணி அது. வினைல் கஞ்சியின் மேல் ஒட்டியிருக்கிறது. துணியை அது தொடவேயில்லை. சலவையில் கஞ்சி கரைந்தது. எழுத்தும் அதனோடு போயிற்று. திண்ணைப் பெரியவர் சொன்ன கஞ்சி இங்கே வேறு வடிவில் வந்து நின்றது. தண்ணீரில் விடுவது அதன் கடமை. அதைச் சரியாகவே செய்தது.

ஆகவே கோராத் துணியை ஓர் இரவு நீரில் ஊறவிட்டு, சோப்பும் சோடாவும் இட்டு அலசி உலர்த்தி, அயோடின் சொட்டில் நிறம் மாறாததைக் கண்டபின் பதிக்க வேண்டும். பதிக்குமுன் சில விநாடிகள் வெறும் துணியை அழுத்தினால் உள்ளிருக்கும் ஈரம் போகும். பதித்தபின் 24 மணி நேரம் கழித்தே நனைக்க வேண்டும். பலகைக்குரிய சாதாரண ஒட்டு வினைலைத் துணியில் ஒட்டிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. அது துணிக்கு உரியதன்று.

என் அபிப்பிராயத்தில், சூட்டுப் பதிப்பு பத்துப் பைகள், இருபது பைகள் என்னும் சிறு தேவைக்கே ஏற்றது. நூற்றுக்கணக்கில் வேண்டுமானால் திரை அச்சில் அச்சிடுவதே மலிவும் உறுதியும் ஆகும். பிளாஸ்டிக்கை ஒழிக்கப் பிறந்த பையின் நெற்றியில் பிளாஸ்டிக் பொட்டு எதற்கு?

கிழிந்தாலன்றி வராத குறி

இனி மூன்றாம் வகை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. 2006இல் 'ஹேண்ட்லூம் மார்க்' என்னும் கைத்தறி முத்திரை வந்தது. 2015 ஆகஸ்ட் 7 அன்று, முதல் தேசியக் கைத்தறி நாளில், 'இந்தியா ஹேண்ட்லூம் பிராண்டு' சென்னையில் தொடங்கி வைக்கப்பட்டது. பின்னவை இரண்டும், கையால் நெய்த துணிக்கும் விசைத்தறித் துணிக்கும் உள்ள வேற்றுமையை வாங்குவோருக்குக் காட்டுவதற்காக ஏற்பட்டவை. அந்த வேற்றுமையில்தான் நம் நெசவாளியின் கூலி இருக்கிறது.

இத்தகைய குறியைச் சுலபமாக உரியும் பசையில் ஒட்டினால், ஒரு துணியிலிருந்து உரித்து மற்றொரு துணியில் ஒட்டிவிடலாம். அங்கே பசையின் மென்மை திருட்டுக்குத் துணை போகிறது. இதற்கு வழியை நம் விவசாய அங்கத்தினர்களே அறிவார்கள். சான்று பெற்ற விதை மூட்டையில் நீல அட்டையும், ஆதார விதை மூட்டையில் வெள்ளை அட்டையும் இருக்கும். அவை பசையால் ஒட்டப்படுவதில்லை. மூட்டையின் வாயோடு சேர்த்துத் தைக்கப்பட்டு முத்திரையிடப்படுகின்றன. தையலை அறுக்காமல் அட்டை வராது. அறுத்தால் மூட்டை தன் கதையைத் தானே சொல்லிவிடும். சேலையின் தரக் குறியும் ஓரத்தில் தைக்கப்பட வேண்டும். உறையின் வாயை மூடும் சீட்டு, எடுத்தால் கிழியும் வகையாக இருக்க வேண்டும். விலைச் சீட்டும் தரக் குறியும் ஒரே பசையில் ஒட்டியிருக்கும் சங்கத்தில், இரண்டில் ஒன்று நிச்சயம் தவறு.

சங்கத்திலேயே செய்யும் சோதனை

இவற்றுக்கெல்லாம் ஆய்வுக்கூடம் வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். நம்மிடம் இருக்கும் பொருள்களே போதும். வாங்கக் கருதும் சீட்டில் ஓர் அங்குல அகலத் துண்டுகள் சிலவற்றை வெட்டி, நாம் விற்கும் அதே துணியின் துண்டில் ஒட்டுங்கள். ஒன்றை மறுநாள் உரியுங்கள். மற்றவற்றை ஐந்து கிலோ படிக்கல்லின் கீழ், கிட்டங்கியில் அதிகச் சூடான மூலையில் ஒரு மாதம் வைத்துப் பின் உரியுங்கள். உரித்த இடத்தில் தூசியைத் தூவித் தட்டினால், கண்ணுக்குத் தெரியாத பசையும் தெரிந்துவிடும்.

பலகைக்கு வாங்கும் வினைலுக்கு வேறொரு சோதனை. தகரத் துண்டின் கீழ் ஓரத்தில் அங்குலச் சதுர அளவு மட்டும் ஒட்டி, மீதியைத் தொங்கவிட்டு, அதில் ஒரு கிலோ படியைக் கட்டி வெயிலில் நிறுத்துங்கள். எது வழுக்கி இறங்குகிறது, எது நிற்கிறது என்பது சில மணி நேரத்தில் விளங்கும். இரண்டு மூன்று வகைகளை அருகருகே நிறுத்தினால் கடைக்காரரின் வாய்ச்சொல்லுக்கு வேலை இருக்காது.

இதனால் கொள்முதல் ஒரு மாதம் தாமதமாகும் என்பது உண்மையே. செயலாளருக்கு வேலை கூடும் என்பதும் உண்மையே. குறைந்த விலைப்புள்ளியைத் தள்ளி அதிக விலையை ஏற்றால் தணிக்கையில் ஆட்சேபணை வருமே என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சத்துக்கு ஆய்வாளர்களாகிய நாங்களும் ஓரளவு காரணம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த வேலைக்கு, எத்தனை காலத்துக்கு, எந்த இடத்தில் ஒட்டப்போகிறோம் என்பதை விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே எழுதி, சோதனையின் முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்துவிட்டால், எந்தத் தணிக்கையாளரும் குறை கூற இடமில்லை. காரணம் எழுதப்படாத சிக்கனத்தைவிடக் காரணம் எழுதப்பட்ட செலவே மேல்.

ஆகவே அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நான்கு கேள்விகளை எழுப்புமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறேன். நம் சீட்டு எதன் மேல் ஒட்டுகிறது? எவ்வளவு காலம் நிற்க வேண்டும்? பிரியும்போது சுவடின்றிப் பிரிய வேண்டுமா, கிழிந்து பிரிய வேண்டுமா, பிரியவே கூடாதா? அதை யார் சோதித்தார்கள்? இந்நான்குக்கும் விடை எழுதிய பின்னரே கொள்முதலுக்குக் கையொப்பமிடுங்கள்.

நாற்பது சேலை ஒரு சங்கத்தை மூழ்கடித்துவிடாது. ஆனால் அந்த நாற்பது சேலைக்குப் பின்னே நாற்பது முறை பாவு ஓட்டிய கால்களும், ஊடை எறிந்த கைகளும் இருக்கின்றன. தறியில் ஒரு குறையும் இல்லாமல் இறங்கிய சேலை, அரை அங்குலப் பசையால் விலை குறைவது நெசவாளிக்கு நாம் செய்யும் அநீதி. அவர் தம் கஞ்சியை எவ்வளவு கவனமாகக் காய்ச்சுகிறாரோ, அவ்வளவு கவனத்தோடு நாம் நம் பசையை வாங்குவோமாக.